நாமளா, நாங்களா?

மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை, நகரத்துக் கால்பந்து மைதானத்தின் வடக்கு வாசலுக்கு எதிரே உள்ள சாலையில், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி பேருந்து மோதி இறந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மஞ்சள் நிற மழைக்கோட்டு அணிந்திருந்தாள்.

உள்ளே ஆட்டம் முடியும் நேரம். மைதானத்தின் பெரிய திரையில் ஒரு வரி ஓடியது. வடக்கு வாசல் சாலையில் விபத்து. ரசிகர்கள் தெற்கு வாசல் வழியாக வெளியேறவும். வடக்கு வரிசையில் உட்கார்ந்திருந்த இளம் தம்பதி ஒன்று அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தது. தெற்கே இறங்கினால் ரயில் நிலையத்துக்கு மைதானத்தையே ஒரு சுற்று சுற்ற வேண்டும்.

“எவனோ குறுக்க ஓடியிருப்பான்,” என்றான் கணவன். “அவன் ஓடினதுக்கு நாம நடக்கணும்.”

மனைவி சிரித்தாள்.

செத்துப்போனவள் அவனுடைய தங்கை.

அவளை வீட்டில் எல்லோரும் ‘வால்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அண்ணன் எங்கே போனாலும் பின்னாலேயே போனதால் அவன் வைத்த பெயர். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜை வேலை கிடைத்து நகரத்துக்கு வந்தவள், அண்ணன் வீட்டின் பின்னறையில் தங்கினாள். அண்ணன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவன். அண்ணி, தமிழ் தெரியாத பெரியவர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் டீச்சர்.

டீச்சரின் வகுப்புக் கதைகள் என்றால் வாலுக்கு உயிர். அவற்றில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். புதிதாகச் சேர்ந்த ஒரு வெளிநாட்டுக்காரர், பக்கத்தில் தன் மனைவியை வைத்துக்கொண்டு, டீச்சரைப் பார்த்து, “நாம போன வருஷம் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்,” என்று சொல்லிவிட்டார். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினாள். எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம. விட்டுவிட்டால் நாங்க. “இந்த ஒண்ணு மட்டும் தப்பக் கூடாது,” என்பாள். “மத்ததெல்லாம் தப்பினா சிரிச்சிடுவாங்க. இது தப்பினா மனசு புண்படும்.”

அன்றிலிருந்து அது வாலின் விளையாட்டாகிவிட்டது. ‘வெளிய போறோம்’ என்று யாராவது சொன்னால் போதும். அந்தப் ‘போறோம்’முக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாதே! பின்னறையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்பாள்.

“நாமளா, நாங்களா?”

“நாமதான். கிளம்பு.”

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு முதலில் வாசலில் நிற்பது அவள்தான். மழை இல்லாத நாளிலும் அதைத்தான் போடுவாள். சினிமாவில் இருவருக்கும் நடுவில் உட்காருவாள். ரயிலில் இருவருக்கும் எதிரே உட்கார்ந்து கதை சொல்வாள். கடற்கரையில் இருவரையும் படம் எடுத்துத் தருவாள். அந்தப் படங்களின் ஓரத்தில் எப்போதும் அவள் விரல் ஒன்று விழுந்திருக்கும். கடைசியாக மூவரும் போன இடத்தில் தூரத்து மலை ஒன்றைக் காட்டி, “அடுத்து அது,” என்றாள். “சரி, நாம போலாம்,” என்று அண்ணன் வாக்குக் கொடுத்தான்.

கல்யாணமாகி முழுதாக இரண்டு வருஷம் ஆகவில்லை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே டீச்சர் மெல்லச் சொன்னாள். “எனக்கு அவளைப் பிடிக்கும். நிஜமாவே பிடிக்கும். ஆனா ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, நாம ரெண்டு பேர் மட்டும் போலாமா?”

அதில் ஒரு குற்றமும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் வால் தோளைக் குலுக்கிவிட்டுத் தூங்கப் போயிருப்பாள். ஆனால் உண்மையைச் சொல்ல இருவருக்கும் சங்கடமாக இருந்தது. அதனால் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று அண்ணன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மதியம் டீச்சர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, “வெளிய போறோம் வால்,” என்றாள்.

“நாமளா, நாங்களா?”

“நாங்க. எங்க ஹெட்மிஸ்ட்ரஸோட அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பார்த்துட்டு வந்துடறோம்.”

அவளிடம் டீச்சர் சொன்ன கடைசி வார்த்தைகள் அவை.

முதல் பாதியில் தொலைக்காட்சிக் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பி, ஒரு கணம் அந்தத் தம்பதியின் மேல் நின்றது. அண்ணன் எதையோ சொல்ல, டீச்சர் அவன் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வால் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். மாடி வீட்டு அம்மா பின்னால் போலீசிடம் சொன்னது இது. “ஓடி வந்து கதவைத் தட்டுச்சு. எங்க அண்ணனையும் அண்ணியையும் டிவியில காட்டுறாங்க ஆன்ட்டின்னு ஒரே சந்தோஷம். டிக்கெட் கிடைச்சிடுச்சு போலிருக்கு, எனக்கும் இடம் பிடிச்சு வெச்சிருப்பாங்க, நானும் போறேன்னு குதிச்சு ஓடுச்சு.”

அது உண்மையான சந்தோஷமா, அந்த அம்மாவுக்காகப் போட்டுக்கொண்ட சந்தோஷமா என்று யாருக்கும் தெரியாது.

அவர்கள் வீடு திரும்பியபோது கதவு திறந்தே கிடந்தது. டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

இதுவரை சொன்னது கணவன் மனைவி இருவருக்கும் தெரியும். இன்னொன்று அவனுக்கு மட்டும் தெரியும். ஆட்டத்தின் நடுவே அவன் போன் அடித்தது. திரையில் ‘வால்’ என்று வந்தது. சத்தம் வராமல் பொத்தானை அமுக்கிப் பைக்குள் போட்டான்.

“யாரு?” என்று கேட்டாள் மனைவி.

“கடையிலேருந்து.”

வாலுடைய போன் பேருந்துச் சக்கரத்தில் நசுங்கிப்போயிருந்தது. தன் போனில் இருந்த அழைப்பை அவன் அழித்துவிட்டான். அம்மாவிடம், “அவளாப் போனா,” என்றான். சொந்தக்காரர்களிடமும் அதையேதான். அப்படிச் சொல்லும்போதெல்லாம் மனைவி தரையைப் பார்ப்பாள். எல்லாப் பழியும் தன்னுடையது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னது அவள். ‘நாங்க’ என்றது அவள். அவன் அந்த அழைப்பைப் பற்றிச் சொன்னால் பாதிப் பாரம் அவளிடமிருந்து இறங்கிவிடும். ஆனால் அதற்குப் பிறகு அவள் தன்னோடு இருப்பாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான்.

அவள் இளைத்தாள். வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். பின்னறைக் கதவை மூடவும் மாட்டாள், முழுசாகத் திறக்கவும் மாட்டாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “வெளிய கூட்டிட்டுப் போங்க. வீட்டுக்குள்ளேயே இருக்க விடாதீங்க,” என்றார்.

மே மாதத்தில் ஒரு நாள் மத்தியானம். அவள் தன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். ஜன்னலில் நல்ல வெயில்.

“ஆமாம்மா, ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போறோம்,” என்றாள் அவள்.

பிறகு பேச்சு நின்றுவிட்டது. போனுக்குள் அம்மாவின் குரல் மட்டும் ‘ஹலோ, ஹலோ’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவன் ஈரக் கையோடு வந்து பார்த்தபோது அவள் பின்னறையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

“கேட்டுச்சா உனக்கு?”

“என்னது?”

“கேட்டா. வழக்கமாக் கேக்கறதைத்தான்.”

அவன் போய்ப் பார்த்தான். மடித்து வைத்த போர்வை. பல் மருத்துவமனை கொடுத்த நாட்காட்டி. ஜன்னல் மூடியிருந்தது. ஆனாலும் அறைக்குள் ஒரு வாசனை இருந்தது. நனைந்து, காயாமல் மடித்து வைத்த மழைக்கோட்டின் புளித்த ரப்பர் வாசனை.

அந்த மழைக்கோட்டைப் போலீஸ் திருப்பித் தரவே இல்லை.

ஏரியில் காற்றில்லை. படகு ஒரு பக்கமாகவே சாய்ந்து போனது. படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, “நடுவுல உட்காருங்கம்மா, எடை ஒரு பக்கமா இழுக்குது,” என்றார். இருவரும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்கள். படகுக்காரர் அவர்களைப் பார்த்தார், சாய்ந்த பக்கத்தைப் பார்த்தார், அதன் பிறகு படகைக் கரைக்குத் திருப்பினார். இறங்கும்போது டீச்சர் கையைப் பின்னால் நீட்டினாள். பின்னால் வரும் ஒருத்திக்குக் கை கொடுக்கிற மாதிரி.

“என்ன பண்றே?”

“ஒண்ணுமில்லை. பழக்கம்.”

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு விசித்திரமான பேச்சுமுறை வந்தது. ‘போறோம்’, ‘வர்றோம்’, ‘சாப்பிடறோம்’ எதையும் இருவரும் சொல்வதில்லை. “நான் போறேன், நீயும் வா,” என்பாள். “நீயும் நானும் கடைக்கு,” என்பான். வெளியார் கேட்டால் இவர்கள்தான் தமிழைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று நினைப்பார்கள். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காமல் பேசப் பார்த்தார்கள். கேட்டால் என்ன பதில் சொல்வது? நாங்க என்று இன்னொரு தரம் சொல்ல அவளுக்கு நாக்கு வராது. நாம என்று சொல்ல இருவருக்கும் பயம்.

ஆகஸ்ட் மாதத்தில் மலைக்குப் போகலாம் என்றது அவள்தான். “அவகிட்ட வாக்குக் கொடுத்தே இல்ல? நீயும் நானும் ஏறி அதைத் தீர்த்துட்டு வந்துடலாம்,” என்றாள். அங்கே வைத்து அந்த அழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று அவனும் முடிவு செய்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வாசலில் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பையில் தண்ணீர், ரொட்டி, மாற்றுத்துணி. கதவைச் சாத்தப் போகும்போது, எத்தனையோ நாள் பழக்கத்தில், வீட்டைப் பார்த்து அவள் சொல்லிவிட்டாள்.

“போய்ட்டு வர்றோம்.”

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீடு அமைதியாக இருந்தது. மாடியில் யாரோ நாற்காலி இழுத்தார்கள். குழாய் ஒரு சொட்டு விட்டது.

சரக்.

சாதாரணத் துணியின் சத்தம் இல்லை அது. ரப்பர் துணி உரசும் சத்தம்.

சரக், சரக்.

பின்னறைக் கதவு, ஒருத்தி தலையை நீட்டினால் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்திருந்தது.

“நாமளா, நாங்களா?”

இந்தத் தடவை அவனுக்கும் கேட்டது. பயமுறுத்தும் குரல் இல்லை அது. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. சினிமாவுக்குக் கிளம்பும்போது கேட்கும் அதே குரல். கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள் என்று தெரிந்தும், கேட்டுப் பார்ப்போமே என்று கேட்கிற குரல். இந்த ஒரு தடவை சரியான பதிலைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது.

“நாமதான்,” என்றான். “நாமதான் வால். கிளம்பு.”

மனைவி அவன் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் நகம் பதிந்தது.

கதவு இடுக்கு மெல்லப் பெரிதானது.

அவன் பூட்டும்போது, படிக்கட்டில் அவர்களுக்கு முன்னால் ஏதோ சரக் சரக்கென்று இறங்கிப் போனது.

மலையடிவாரம் வரை பேருந்தில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவன் இடைகழி ஓரம். மூன்று பேர் உட்காரும் இருக்கை அது. பேருந்து நிறைந்துவிட்டது, நின்றுகொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். நடு இடத்தில் உட்கார யாரும் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மலை பெரிய மலை இல்லை. குடும்பத்தோடு ஏறுகிறவர்கள் உண்டு. மேலே போகப் போக மூடுபனி அடர்ந்தது. உச்சிக்குக் கீழே ஒரு செங்குத்துப் பாறை. அதில் கயிறு தொங்கவிட்டிருந்தார்கள். அடியில் ஒரு வழிகாட்டி நின்று, இடுப்பில் வார் கட்டி, ஒவ்வொருவராக அனுப்பினார்.

“ஒரு நேரத்துல ஒருத்தர்தான் கயித்துல. மேல போய்ச் சேர்ந்ததும் ‘வந்துட்டேன்’னு சத்தமாக் குரல் கொடுங்க. அது கேட்டாத்தான் அடுத்த ஆளை விடுவேன்,” என்றார். “போன வாரம் ஒருத்தர் ‘ஐயோ அம்மா’ன்னு கத்தினாரு. அதெல்லாம் செல்லாது. ‘வந்துட்டேன்.’ அவ்வளவுதான்.”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொருவராக ஏறிப் பனிக்குள் மறைந்தார்கள். ஒவ்வொரு தரமும் மேலேயிருந்து அந்த ஒற்றைச் சொல் விழுந்தது. அவர்கள் மறுபக்கச் சரிவில் இறங்கிவிட, கடைசியில் கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சினார்கள். வழிகாட்டி வார்களைச் சரிபார்க்கக் கொஞ்சம் தள்ளிப் போனார்.

அவன் ஈரப் பாறையில் கை வைத்துக்கொண்டான். “ஒண்ணு சொல்லணும் உன்கிட்ட. அன்னிக்கு மைதானத்துல எனக்கு ஒரு போன் வந்துச்சு இல்ல?”

“கடையிலேருந்துன்னு சொன்னே.”

“கடையிலேருந்து இல்லை.”

“தெரியும்,” என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை. அழுகை இல்லை. நெடுநாள் காய்ச்சல் விட்டவளின் முகம் போல இருந்தது.

“எப்படித் தெரியும்?”

“பஸ்ல சொன்னா. நடுவுல உட்கார்ந்துக்கிட்டு.”

பனி அவர்கள் காலைச் சுற்றி நகர்ந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் தொடர்ந்தாள்.

“நீயா எப்போ சொல்லுவேன்னு பார்த்துட்டிருந்தோம்.”

அந்தப் ‘பார்த்துட்டிருந்தோ’முக்குள் யார் யார் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. “என்னை மன்னிச்சிடு,” என்றான்.

“என்கிட்ட ஏன் கேக்கறே?” என்றாள். பிறகு வழிகாட்டியிடம், “நான் ரெடி,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் கயிற்றைப் பிடித்தாள். பாறையில் கால் வைத்தாள். இதற்கு முன் ஒரு மேஜை மேல்கூட ஏறி நிற்கப் பயந்தவள், நிறுத்தாமல் ஏறினாள். முதலில் தலை பனிக்குள் போனது. பிறகு தோள். கடைசியாக ஒரு காலணியின் அடிப்பாகம்.

வழிகாட்டி கயிற்றின் நுனியைக் கையில் வைத்திருந்தார். அவர் புருவம் சுருங்கியது.

“மேடத்துக்குப் பின்னாடி யாராவது பிடிச்சாங்களா?”

“இல்லையே. நான் இங்கேதானே இருக்கேன்.”

“இழுப்பு ரெண்டு ஆள் இழுப்பா இருக்கு சார்.”

சரக், சரக் என்று பாறையில் ஏதோ உரசிக்கொண்டே மேலே போனது.

பிறகு கயிறு தளர்ந்தது.

பனிக்குள்ளிருந்து டீச்சரின் குரல் தெளிவாக, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

“நாங்க வந்துட்டோம்!”

வழிகாட்டி சிரித்தார். “பாறை குரலை ரெண்டாக்கும் சார், எதிரொலி. ஆனா வார்த்தையை மாத்தி நான் கேட்டதில்லை.” சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் கயிற்றை அவனிடம் நீட்டினார். தானும் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை.

அவன் ஏறும்போது ஒன்றையே நினைத்துக்கொண்டு ஏறினான். தடுமாறியிருப்பாள். மூச்சு வாங்கியிருக்கும். வாய் தவறி வந்திருக்கும்.

ஆனால் அந்த ஒரு தப்பை அவள் செய்ய மாட்டாள்.

உச்சியில் ஒரு தட்டையான பாறை. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாறை முழுவதும் பனி ஈரத்தில் கறுத்துப் பளபளத்தது. அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு இடம் மட்டும் உலர்ந்திருந்தது.

அவன் அங்கே உட்காரப் போனான்.

“அங்க உட்காராதே.”

அவன் நின்றான். “மேலேருந்து என்ன சொன்னே நீ?”

“வந்துட்டோம்னு சொன்னேன்.”

“நாங்கன்னு சொன்னே.”

“ஆமா.”

“நாமன்னுதானே வரணும்?”

பாடம் புரியாத மாணவனைப் பார்க்கிற மாதிரி, பொறுமையாக, கொஞ்சம் பரிதாபமாக, அவனைப் பார்த்தாள்.

“நீ கீழேதானே இருந்தே?”

அன்றிலிருந்து அவள் உடம்பு தேற ஆரம்பித்தது. இது அவனுக்கே ஆச்சரியம். நன்றாகத் தூங்கினாள். வகுப்புக்குத் திரும்பினாள். மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்னார். “வெளிய கூட்டிட்டுப் போனது நல்ல பலன் கொடுத்திருக்கு,” என்று அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். மாமியார் போனில் அவனுக்கு நன்றி சொன்னார்.

வீட்டில் அவள் சமைத்தாள், அவன் துணியைத் தேய்த்து வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சண்டை இல்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் அவன் உட்காரும்போது, “நாங்க சாப்பிட்டாச்சு,” என்பாள். சிரிப்புச் சத்தம் கேட்டு அவன் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். பேச்சு அவன் வரவால் தடைப்பட்டது என்கிற முகம். அவன் ஏதாவது சொல்வான் என்று கொஞ்சம் காத்திருப்பாள். அவன் கதவிலிருந்து திரும்பிவிடுவான்.

கடையில் அவன் வேலை தடுமாறியது. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, “இதுவா, அதுவா?” என்று கேட்பதுதான் நாள் முழுக்க அவன் தொழில். ஒரு நாள் கண்ணில் லென்ஸோடு உட்கார்ந்திருந்த வயதானவர் ஒருவர், “என்ன தம்பி கேக்கறீங்க, புரியலையே?” என்றார். தான் என்ன கேட்டோம் என்று அவன் யோசித்துப் பார்த்தான். அது ‘இதுவா, அதுவா’ இல்லை. அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வெளியே போனாள். ஏரிக்கு. சினிமாவுக்கு. இன்னொரு தடவை அதே மலைக்கு. போய்விட்டு வந்து படங்களைக் காட்டுவாள். எல்லாவற்றிலும் அவள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக நின்றாள். யார் எடுத்தது என்று அவன் கேட்கவில்லை. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு விரல் விழுந்திருந்தது.

மறு வருஷம் மார்ச் மாதம் வந்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் தூறல் போட்டது. அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் பின்னறைப் பக்கம் நின்றிருந்தான். எப்படி அங்கே போய் நின்றோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கதவு இடுக்கில் தலையை மட்டும் நீட்டியிருந்தான்.

“வெளிய போறோம்,” என்றாள் அவள்.

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தான்.

“நாமளா, நாங்களா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் அவள் கண்ணில் பழைய மனைவி இருந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டில் ரப்பர் துணி பொறுமையில்லாமல் உரசியது.

“நாங்க,” என்றாள். “ஹெட்மிஸ்ட்ரஸோட அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பார்த்துட்டு வந்துடறோம்.”

கதவு சாத்திக்கொண்டது.

அவன் டிவி முன்னால் உட்கார்ந்தான். கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்தான், வீட்டில் வேறு சத்தம் கேட்காமல் இருக்க. முதல் பாதியில் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. வடக்கு வரிசை. குடைகள், கொடிகள், கத்தும் வாய்கள்.

அவள்.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவ்வளவு கூட்டத்திலும் அதில் யாரும் உட்காரவில்லை. அவள் அந்த இருக்கையின் பக்கம் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினான். மணி போனது. திரையில் அவள் கைப்பையைத் திறந்து போனைப் பார்த்தாள். ஒரு விரலால் அமுக்கி உள்ளே போட்டாள். பிறகு தலையைத் திருப்பி, காலி இருக்கையிடம் ஒரு சொல் சொன்னாள். நாள் முழுக்க எழுத்துப் படிக்கிறவர்களின் உதட்டையே பார்க்கும் தொழில் அவனுடையது. கஷ்டமே இல்லாமல் தெரிந்தது.

“வீட்டுலேருந்து.”

கேமரா வேறு பக்கம் திரும்பியது.

மாலையில் டிவிச் சத்தம் தாங்காமல் மாடி வீட்டு அம்மா இறங்கி வந்து கதவைத் தட்டினார். கதவு திறந்தே கிடந்தது. வீட்டில் யாரும் இல்லை. அவர் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை நிறுத்தும்போது ஆட்டம் முடியும் நேரம். திரையின் அடியில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. வடக்கு வாசல் சாலையில் விபத்து. ரசிகர்கள் தெற்கு வாசல் வழியாக வெளியேறவும்.